நைவாஷா ஏரிக்கரையில் ஒரு வார இறுதி: நைரோபிக்குப் புதிதாக வந்த குடும்பங்களுக்கு

நைரோபிக்கு வேலையாக வரும் தமிழ்க் குடும்பங்கள் பலவும் முதல் சில மாதங்களை அடுக்குமாடி வீட்டுக்கும் பள்ளிக்கும் பேரங்காடிக்கும் நடுவிலேயே கழித்துவிடுகின்றன. ஊர் சற்றுப் பழகியபின் எங்கேயாவது போய்வரலாம் என்ற பேச்சு எழும்போது, எல்லோருடைய எண்ணமும் நேராக மசாய் மாரா வனவிலங்குக் காப்பகத்துக்குப் போகிறது. மாரா பார்க்கவேண்டிய இடம்தான். ஆனால் ஐந்தாறு மணி நேரச் சாலைப் பயணம், கனமான நுழைவுக் கட்டணம், விடியற்காலை தொடங்கி அந்தி வரை வண்டிக்குள்ளேயே அமர்ந்திருக்கும் நாள் ஆகியவை கைக்குழந்தையோடும், ஊரிலிருந்து வந்து தங்கியிருக்கும் அம்மா அப்பாவோடும் போகிறவர்களுக்கு ஓய்வு ஆகாது. ஓய்வுதான் நோக்கம் என்றால், நைரோபியிலிருந்து வடமேற்கே சுமார் 90 கிலோமீட்டரில் உள்ள நைவாஷா ஏரிக்கரையை முதல் பயணமாக வைத்துக்கொள்வது நல்லது.

தொலைவு குறைவு என்பது மட்டும் இதற்குக் காரணமல்ல. கென்யாவின் பெரும்பாலான தேசியப் பூங்காக்களில் குறிப்பிட்ட சில இடங்களைத் தவிர வேறெங்கும் வண்டியை விட்டு இறங்கக் கூடாது. நைவாஷாவை அடுத்துள்ள ஹெல்ஸ் கேட் தேசியப் பூங்காவிலோ, ஏரிக்குள் இருக்கும் கிரசென்ட் தீவிலோ, வரிக்குதிரைகளும் ஒட்டகச்சிவிங்கிகளும் மேய்ந்துகொண்டிருக்கும் வெளியில் பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு நடக்கலாம், ஹெல்ஸ் கேட்டில் சைக்கிளும் ஓட்டலாம். வண்டிக்குள் அடைந்து கிடக்கும் நைரோபி வாழ்க்கையிலிருந்து வருகிறவர்களுக்கு இது பெரிய மாற்றம். ஒரே ஒரு நிபந்தனை: அங்கே இருக்கும் எல்லாவற்றையும் இரண்டு நாளில் பார்த்துத் தீர்ப்பது என்று கிளம்பக் கூடாது. அரை நாளுக்கு ஒரு வேலை, மீதி நேரம் புல்வெளியில் பாய் விரித்து உட்கார்ந்திருப்பது என்ற அளவில் திட்டமிட்டால்தான் இந்தப் பயணம் பயன்படும். கீழே உள்ள படிகள் யாவும் அந்த அளவை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை.

முதல் படி: நாளைக் குறித்தல்

கென்யாவில் மார்ச் முதல் மே வரை நீண்ட மழைக்காலம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை குறுகிய மழைக்காலம். நைவாஷாவுக்கு ஜனவரி, பிப்ரவரி மாதங்களும், ஜூன் முதல் செப்டம்பர் வரையுள்ள மாதங்களும் ஏற்றவை. நீண்ட மழைக்காலத்தின் உச்சத்தில் போகவேண்டாம் என்று சொல்வதற்கு உடை நனையும் என்பது காரணமல்ல. இந்தப் பகுதி செங்குத்தான மலைச்சரிவின் அடிவாரம். மேலே பெய்யும் மழை கீழே வெள்ளமாக இறங்கும். 2024 ஏப்ரல் இறுதியில் வழியிலுள்ள மாய் மாஹியு ஊரையொட்டி அவ்வாறு இரவில் இறங்கிய வெள்ளம் பல பத்து உயிர்களைக் கொண்டுபோயிற்று.

மழையை அடுத்து, கூட்டத்தையும் பார்க்கவேண்டும். உலக ராலி சாம்பியன்ஷிப்பின் ஒரு சுற்றான சஃபாரி ராலி 2021 முதல் நைவாஷாவை மையமாகக் கொண்டு நடக்கிறது. முதலில் ஜூனில் நடந்தது, 2024 முதல் மார்ச்சுக்கு மாறியது. அந்த வாரத்தில் அறைகளின் வாடகை பன்மடங்காகும், சாலை நகராது, ஏரிக்கரை முழுவதும் இரவெல்லாம் இசை அதிரும். கார்ப் பந்தயத்தில் ஆர்வமில்லாத குடும்பம் அப்போது அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவேண்டியதில்லை. ஈஸ்டர், ஜூன் 1, அக்டோபர் 20, டிசம்பர் 12 போன்ற பொது விடுமுறைகளை ஒட்டிவரும் வார இறுதிகளும் நெரிசலானவையே. அவற்றைத் தவிர்க்க முடியாவிட்டால் அறையை முன்கூட்டியே பதிவு செய்துவிடவேண்டும்.

இரண்டாம் படி: தங்குமிடம்

ஏரியின் தென்கரையை ஒட்டிச் செல்லும் மோய் சவுத் லேக் சாலையில்தான் பெரும்பாலான தங்குமிடங்கள் இருக்கின்றன. கூடாரம் அடிக்கும் முகாம்கள், சமையலறையோடு கூடிய தனிக்குடில்கள், மூன்று வேளை உணவும் அளிக்கும் பெரிய விடுதிகள் என்று எல்லாத் தரத்திலும் கிடைக்கும். நைவாஷா நகருக்குள் தங்கினால் செலவு குறையும், ஆனால் வந்த நோக்கம் நிறைவேறாது. மஞ்சள் பட்டையுடைய உயரமான கருவேல இனமரங்களின் நிழலும், அவற்றின் கீழ் விரிந்த புல்வெளியும், பறவைகளின் ஓசையும் ஏரிக்கரையில் மட்டுமே உண்டு.

தமிழ்க் குடும்பத்துக்குத் தனிக்குடிலே பொருந்தும் என்பது என் கருத்து. குழந்தைக்கு நேரத்தில் சோறு குழைக்கலாம், பெரியவர்களுக்கு இரவில் ரசம் வைக்கலாம். பதிவு செய்யும் முன் நான்கு கேள்விகள் கேட்டுக்கொள்ளுங்கள்: அடுப்பு எரிவாயு அடுப்பா அல்லது ஜிக்கோ எனப்படும் கரி அடுப்பா, குளிர்பதனப் பெட்டி உண்டா, வெந்நீர் எந்நேரமும் வருமா, ஏரியிலிருந்து நீர்யானை ஏறிவராதபடி மின்வேலி உண்டா. நான்காவது கேள்வியை விளையாட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பாத்திரம் என்று அவர்கள் சொல்வது பெரும்பாலும் சுஃபுரியா எனப்படும் பிடியில்லாத அலுமினியப் பாத்திரங்களைத்தான். ஆகையால் ஒரு குக்கரையும் இடுக்கியையும் வீட்டிலிருந்தே கொண்டுபோவது நல்லது. ஏரி கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,880 மீட்டர் உயரத்தில் இருப்பதால் தண்ணீர் 94 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடும். குக்கர் இல்லாமல் துவரம்பருப்பு வேகக் காத்திருந்தால் பாதி நாள் அடுப்படியிலேயே போய்விடும்.

வெளியே சாப்பிடும் வேளைகளிலும் சைவ உணவுக்காரர்கள் பட்டினி கிடக்கத் தேவையில்லை. சப்பாத்தியோடு என்டெங்கு என்று கேட்டால் பச்சைப்பயறுக் குழம்பு வரும். சுகுமா விக்கி என்பது நறுக்கி வதக்கிய கீரை. கச்சும்பரி என்பது தக்காளி வெங்காயப் பச்சடி. சப்பாத்தி என்ற பெயரில் வருவது மைதாவில் அடுக்கடுக்காகச் செய்தது, நம் பரோட்டாவுக்கு நெருங்கிய உறவு. "சிலி ந்யாமா" என்றால் நான் இறைச்சி உண்பதில்லை என்று பொருள். அதைச் சொன்ன பிறகும், குழம்பில் இறைச்சிச் சாறு சேர்ந்திருக்கிறதா என்று தனியே கேட்டுக்கொள்ளவேண்டும். மீன் உண்பவர்களுக்கு முழுதாகப் பொரித்த திலாப்பியாவும், மற்றவர்களுக்குத் தணலில் சுட்ட ஆட்டிறைச்சியும் எங்கும் கிடைக்கும்.

மூன்றாம் படி: அட்டை, பணம், பை

தேசியப் பூங்காக்களின் வாயிலில் பணத்தாள் வாங்குவதில்லை. கென்யா வனவிலங்குச் சேவையின் நுழைவுக் கட்டணத்தை இ-சிட்டிசன் என்னும் அரசு இணையதளத்தின் வழியே, எம்-பெசா என்னும் கைபேசிப் பணச் சேவையிலோ வங்கி அட்டையிலோ கட்டவேண்டும். கணக்கு தொடங்கும் வேலையை வீட்டிலிருக்கும்போதே முடித்துவிடுங்கள்; வாயிலில் பிள்ளைகள் வெயிலில் காத்திருக்க, கடவுச்சொல்லோடு மல்லாடுவது பரிதாபமான காட்சி. குடிமக்கள், இங்கு வசிக்கும் வெளிநாட்டவர், வெளிநாட்டுப் பயணிகள் என்று கட்டணம் வேறுபடும். பணி அனுமதியில் வந்திருப்பவர்கள் வெளிநாட்டவர் அடையாள அட்டையைக் காட்டினால்தான் வசிப்பவருக்குரிய குறைந்த கட்டணம் செல்லும். பார்வையாளராக வந்திருக்கும் பெற்றோருக்குப் பயணிகளுக்குரிய டாலர் கட்டணமே. அது மாராவின் கட்டணத்தோடு ஒப்பிட்டால் குறைவுதான். கட்டணங்கள் அவ்வப்போது மாற்றப்படுவதால், நண்பர் சென்ற ஆண்டு கட்டிய தொகையை நம்பாமல், கிளம்பும் வாரத்தில் இணையதளத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சைக்கிள்காரர், படகுக்காரர், சாலையோரக் காய்கறிக் கடைக்காரர் வரை எல்லோரும் எம்-பெசாவில் பெற்றுக்கொள்வார்கள். சஃபாரிகாம் நிறுவனம் 2007இல் தொடங்கிய இந்தச் சேவை அந்த அளவுக்கு ஊடுருவியிருக்கிறது. ஆயினும் ஏரிக்கரையில் சில இடங்களில் தொலைபேசி அலை பலவீனமாக இருக்கும். சிறு தாள்களாகக் கொஞ்சம் ஷில்லிங் கையில் இருக்கட்டும்.

பையில் வைப்பவற்றில் மூன்றைப் பற்றி மட்டும் சொல்கிறேன். முதலாவது, நெகிழி. கடைகளில் பொருள் போட்டுத்தரும் நெகிழிப் பைகள் கென்யாவில் 2017 ஆகஸ்டு முதலே தடை. 2020 ஜூன் 5 முதல் தேசியப் பூங்காக்கள் போன்ற பாதுகாக்கப்பட்ட பகுதிகளுக்குள் ஒருமுறை பயன்படுத்தும் நெகிழிப் புட்டி, தட்டு, கரண்டி எதையும் கொண்டுபோகக் கூடாது. நம் வீட்டு எவர்சில்வர் டப்பாக்களும் தண்ணீர்ப் புட்டிகளும் இங்கே சட்டத்துக்கும் உகந்தவை. இரண்டாவது, குடிநீர். நைவாஷா அமைந்திருக்கும் பெரும்பிளவுப் பள்ளத்தாக்கின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுதி. கொதிக்கவைத்தால் அது போகாது, நீர் சுண்டச் சுண்ட அதன் அடர்த்தி கூடவே செய்யும். இரண்டு நாளில் தீங்கு நேராது என்றாலும், வளரும் பற்களுடைய பிள்ளைகளுக்குக் குடிக்கவும் சமைக்கவும் பெரிய கேனில் வாங்கிய நீரைப் பயன்படுத்துவதே நல்லது. மூன்றாவது, உடை. பூமத்தியரேகைக்கு அருகில் என்று நினைத்து மெல்லிய பருத்தி உடைகளோடு போகிறவர்கள் இரவில் நடுங்குவார்கள். பெரியவர்களுக்குக் கம்பளிச் சட்டையும் காதுக்கு மஃப்ளரும் வேண்டும். பகலிலோ, காற்று குளிர்ந்திருந்தாலும் அந்த உயரத்து வெயில் தோலைச் சுட்டுவிடும்; தொப்பி எல்லோருக்கும் தேவை.

நான்காம் படி: சாலை

சொந்தக் காரோ ஓட்டுநரோடு கூடிய வாடகைக் காரோ இருப்பது நல்லது. பதினான்கு இருக்கை மட்டாட்டு வண்டிகள் நைரோபி நகர மையத்திலிருந்து நைவாஷாவுக்கு ஓடிக்கொண்டே இருக்கின்றன. இளைஞர்களுக்கு அவை போதும். ஆனால் ஊரில் இறங்கியபின் ஏரிக்கரைக்கு வேறு வண்டி மாறவேண்டும் என்பதால், பெட்டி, குக்கர், குழந்தை என்று போகிறவர்களுக்கு அவை சரிப்படாது. கென்யாவிலும் நம்மைப்போல் இடப்பக்கம்தான் ஓட்டவேண்டும். ஆகவே பழக்கம் உடனே வந்துவிடும். பழகவேண்டியவை வேறு: சிறு ஊர்களில் 50 கிலோமீட்டர் என்ற வேக வரம்பு, அதைக் கருவி வைத்து அளக்கும் காவலர்கள், வண்ணம் பூசப்படாத வேகத்தடைகள்.

நைவாஷாவுக்கு இரண்டு வழிகள். லிமுருவைத் தாண்டி மேட்டுநிலத்தின் வழியே நேராகப் போவது மேல்சாலை. ரிரோனியில் பிரிந்து மலைச்சரிவில் மாய் மாஹியுவுக்கு இறங்குவது கீழ்ச்சாலை. இரண்டாம் உலகப்போரின்போது இத்தாலியப் போர்க்கைதிகள் அமைத்த வழி இது. அவர்கள் 1942இல் கட்டிய மிகச்சிறிய தேவாலயம் சரிவின் அடிவாரத்தில் சாலையோரமாக இன்னும் நிற்கிறது. காட்சி கீழ்ச்சாலையில்தான் கண்ணை நிறைக்கும். ஆனாலும் குறுகலான வளைவுகளில் சரக்கு லாரிகள் ஊர்ந்து செல்ல, அவற்றைப் பொறுமையிழந்த வண்டிகள் எதிரே வருவதைப் பாராமல் முந்தும். முதல் பயணத்தில் போகும்போதும் வரும்போதும் மேல்சாலையையே கொள்ளுங்கள். ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் மேல்சாலையில் காலை மூடுபனி அடர்த்தியாக இருக்கும் என்பதால் முகப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் போகவேண்டும். பள்ளத்தாக்கைப் பார்க்க மேல்சாலையிலும் இடங்கள் உண்டு. விளிம்பில் நின்றால் தரை பல நூறு மீட்டர் கீழே விழுந்து, லொங்கொனோட் எரிமலை நடுவில் எழுந்து நிற்கும். அங்குள்ள கைவினைக் கடைகளில் முதலில் சொல்லும் விலையில் பாதிக்குக் கீழே தொடங்கிப் பேசலாம். வாங்கும் எண்ணம் இல்லையென்றால் பேரமே தொடங்காதிருப்பது மரியாதை.

வெள்ளிக்கிழமை அலுவலகம் முடிந்து கிளம்பவேண்டாம். நகரை விட்டு வெளியேறும் நெரிசலில் மாலை கரைந்து, மலைப்பாதையை இருட்டில் கடக்கவேண்டி வரும். இங்கே ஆண்டு முழுவதும் மாலை ஆறரை மணியளவில் சூரியன் மறைந்துவிடும். கோடை என்பதற்காக அது காத்திருக்காது. வெள்ளி பிற்பகல் விடுப்பு கிடைத்தால் மதிய உணவை முடித்தவுடன் புறப்பட்டு இரண்டு இரவுகள் தங்குங்கள். கிடைக்காவிட்டால் சனி காலை ஆறரைக்குப் புறப்பட்டால் ஒன்பது மணிக்குள் போய்ச் சேரலாம்.

ஐந்தாம் படி: சேர்ந்த நாளில்

மோய் சவுத் லேக் சாலையில் நுழைந்ததும் ஏரி தெரியும் என்று எதிர்பார்க்கவேண்டாம். மைல்கணக்கில் மலர்ப்பண்ணைகளின் பசுமைக்குடில்கள்தான் தெரியும். ஐரோப்பாவுக்கு ரோஜா ஏற்றுமதி செய்யும் தொழிலின் தலைநகரம் இது. காலையும் மாலையும் பணிநேரம் மாறும்போது தொழிலாளர்கள் நடந்தும் சைக்கிளிலும் சாலையை நிறைப்பார்கள். அப்போது வேகம் கூடாது.

சேர்ந்த நாளின் முற்பகலில் எங்கும் போகாதீர்கள். பிள்ளைகளைப் புல்வெளியில் விட்டுவிட்டு, பெரியவர்களுக்கு நாற்காலி போட்டுக்கொடுத்துவிட்டு, சமையலைத் தொடங்கலாம். நீர்க்காகம், கூழைக்கடா, கறுப்பு வெள்ளை மீன்கொத்தி ஆகியவை நமக்கு ஊரிலேயே பழக்கமானவற்றின் உறவுகள். வெள்ளைத் தலையும் செம்பழுப்பு உடலும் கொண்ட ஆப்பிரிக்க மீன்கழுகு மட்டும் புதிது. அதன் உரத்த குரலை ஒருமுறை கேட்டுவிட்டால் பிறகு மறக்காது. கரையோரத்தில் பட்டுப்போன மரங்கள் தண்ணீருக்குள் நிற்பதைப் பார்த்துப் பிள்ளைகள் காரணம் கேட்பார்கள். கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் ஏரி மட்டம் பெரிதும் உயர்ந்து, 2020இல் கரையோர விடுதிகள் சிலவற்றின் புல்வெளிகளையும் கட்டடங்களையும் விழுங்கிவிட்டது. இந்த ஏரியிலிருந்து வெளியேறும் ஆறு எதுவும் இல்லை. மலேவா, கில்கில் ஆறுகள் கொண்டுவரும் நீர் நிலத்துக்குள் கசிந்து வெளியேறுவதால்தான், பள்ளத்தாக்கின் மற்றப் பல ஏரிகள் உவராக இருக்க, இது நன்னீராக இருக்கிறது.

மாலையில் போவதற்கு எல்சமேர் ஏற்றது. எல்சா என்ற பெண் சிங்கத்தை வளர்த்துக் காட்டுக்கு மீட்டனுப்பிய ஜாய் ஆடம்சனின் ஏரிக்கரை வீடு அது. சிறிய அருங்காட்சியகமும், புல்வெளியில் கேக்குகளோடு பரிமாறப்படும் மாலைத் தேநீரும் உண்டு. மரங்களில் நீண்ட வெண்மயிர்த் தோகையுடைய கொலோபஸ் குரங்குகள் அமர்ந்திருக்கும். நடக்க இயலாத பெரியவர்களுக்கு இந்தப் பயணத்திலேயே மிகப் பிடித்த பகுதியாக இதுவே அமைவது வழக்கம்.

இருட்டிய பின் ஒரே விதி: தனியே நீர்க்கரைக்குப் போகக் கூடாது. நீர்யானை பகலெல்லாம் நீருக்குள் கிடந்து, இரவில் புல் மேயக் கரையேறும். ஒன்றரை டன்னுக்கு மேல் எடையுள்ள அந்த விலங்கு மனிதரைவிட வேகமாக ஓடும். தனக்கும் தண்ணீருக்கும் நடுவில் யார் நின்றாலும் தாக்கும். 2018 ஆகஸ்டில் இதே ஏரிக்கரையில் படம் எடுக்க நெருங்கிய வெளிநாட்டுப் பயணி ஒருவர் இறந்தார். மின்வேலி இருந்தாலும் குடிலிலிருந்து உணவுக்கூடத்துக்குப் போக அஸ்காரி எனப்படும் காவலரை அழைத்துக்கொள்ளுங்கள். கைவிளக்கோடு உடன்வருவது அவருடைய பணியின் பகுதி, நாம் தரும் தொல்லையல்ல. பாதுகாப்பான தூரத்திலிருந்து அவரே நீர்யானையைக் காட்டவும் செய்வார்.

ஆறாம் படி: ஹெல்ஸ் கேட்டில் ஒரு காலை

1984இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட ஹெல்ஸ் கேட் 68 சதுர கிலோமீட்டர் பரப்புடையது. செம்பாறைச் சுவர்கள் இருபுறமும் நிற்க, நடுவே புல்வெளியில் மண்சாலை போகிறது. வரிக்குதிரை, ஒட்டகச்சிவிங்கி, மான் வகைகள், வாலைக் கொடிபோல் உயர்த்திக்கொண்டு ஓடும் வார்ட்ஹாக் பன்றி ஆகியவை சாலையோரத்திலேயே மேயும். சிங்கங்கள் திரியும் பூங்காவாக இது இல்லாததால்தான் சைக்கிளுக்கு அனுமதி. காட்டெருமைகள் உண்டு, அவற்றைக் கண்டால் நின்று, தூரத்தைக் கூட்டிக்கொண்டு, அவை விலகும்வரை காத்திருக்கவேண்டும். நெருங்கிப் படம் எடுப்பது என்ற ஆசையை அங்கே மூட்டை கட்டிவிடவேண்டும்.

எல்சா வாயிலே முதன்மை நுழைவாயில். பிரதான சாலையிலிருந்து பூங்காவுக்குத் திரும்பும் சந்திப்பிலும் வாயிலருகிலும் சைக்கிள் வாடகைக்குக் கிடைக்கும். வாங்கும் முன் இரண்டு பிரேக்குகளையும் பிடித்துப் பாருங்கள், இருக்கையின் உயரத்தைச் சரிசெய்யச் சொல்லுங்கள், சக்கரக் காற்றை அழுத்திப் பாருங்கள். அவசரத்தில் எடுத்த சைக்கிள் பூங்காவின் நடுவில் சங்கிலி கழன்று நிற்கும். சிறுவர்களுக்கேற்ற சைக்கிளும் தலைக்கவசமும் எப்போதும் கிடைப்பதில்லை. தலைக்கவசத்தை வீட்டிலிருந்தே கொண்டுபோகலாம்.

வாயிலிலிருந்து ஒல் ஞொரோவா என்னும் குறுகிய பாறைப் பிளவு தொடங்கும் இடம் வரை ஏழெட்டுக் கிலோமீட்டர் இருக்கும். போகவர அதன் இருமடங்கு. மணல் பாவிய சாலையில் இது பத்து வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு அதிகம். குடும்பமாகப் போகிறவர்களுக்கு நான் சொல்லும் ஏற்பாடு இது: ஒருவர் காரில் பெரியவர்களையும் சிறு குழந்தையையும் உணவுக்கூடையையும் ஏற்றிக்கொண்டு மெதுவாகப் பின்னே வரட்டும், மற்றவர்கள் சைக்கிளில் போகட்டும். களைத்த பிள்ளை காரில் ஏறிக்கொள்ளும், காரில் இருந்தவர் சிறிது தூரம் சைக்கிளில் மாற்றிக்கொள்ளலாம். கார்களுக்கும் அனுமதி உண்டு என்பதால் இதில் சிக்கலில்லை. காலை ஏழு மணிக்குள் வாயிலில் இருந்தால் வெயில் ஏறுமுன் திரும்பிவிடலாம்.

வாயிலைத் தாண்டிய சிறிது தூரத்தில் தனியே நிற்கும் கற்றூண் ஃபிஷர் கோபுரம். 1883இல் இந்த வழியாக வந்த ஜெர்மானியப் பயணி குஸ்டாவ் ஃபிஷரின் பெயரைத் தாங்கியது. எரிமலையின் தொண்டைக்குள் உறைந்து இறுகிய பாறை, சுற்றியிருந்த மென்மையான பகுதி அரித்துப்போனபின் தனித்து நின்றுவிட்டது. அதன் அடியில் முயல் அளவுள்ள ஹைராக்ஸ் என்னும் விலங்குகள் வெயில் காய்ந்துகொண்டிருக்கும். அந்தச் சிறிய பிராணிக்கு மிக நெருங்கிய உறவினர்களில் யானையும் ஒன்று என்று சொன்னால் பிள்ளைகள் நம்பமாட்டார்கள், ஆனால் அது உண்மை.

உணவுக்கூடையைத் திறக்கும்போது பபூன் குரங்குகளின்மீது ஒரு கண் இருக்கட்டும். பழனி மலைக்குரங்குகளோடு பழகியவர்களும் இவற்றைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. ஆண் பபூன் பெரிய நாயின் அளவு இருக்கும், பல்லும் அதற்கேற்றது. காருக்குள் அமர்ந்து சாப்பிடுவதில் அவமானம் எதுவும் இல்லை.

அடுத்தது ஒல் ஞொரோவா பிளவு. பழங்கால ஏரியின் நீர் வெளியேறிய வழி இது. மென்மையான எரிமலைப் பாறையை நீர் அறுத்துச்சென்றதால் உண்டான ஆழமான, சில இடங்களில் இரு கைகளுக்கும் எட்டும் அளவு குறுகிய பாதை. சுவரில் வெந்நீர் கசியும். அழகில் குறையில்லை, ஆனால் 2012 ஏப்ரலிலும் 2019 செப்டம்பரிலும் இதற்குள் இறங்கியிருந்தவர்கள் திடீர் வெள்ளத்தில் மாண்டனர். தலைக்கு மேல் வானம் தெளிவாக இருக்கும்போதே, தொலைவிலுள்ள சரிவில் பெய்த மழை சில நிமிடங்களில் பிளவுக்குள் சுவராக வந்துவிடும். ஏறித் தப்பச் செங்குத்துப் பாறை இடம்தராது. ஆகையால் காவலர்கள் மூடியிருக்கிறது என்றால் அத்துடன் விட்டுவிடவேண்டும். திறந்திருந்தாலும், முந்தைய நாளோ அன்றோ அந்த வட்டாரத்தில் எங்கேனும் மழை பெய்திருந்தால் இறங்கக் கூடாது. வழிகாட்டி இல்லாமல் எப்போதும் இறங்கக் கூடாது. சிறு பிள்ளைகளோ மூட்டுவலி உள்ளவர்களோ உடன் இருந்தால் மேலே நின்று பார்ப்பதே போதும்.

பூங்காவின் உட்பகுதியில் நீராவிக் குழாய்கள் நெளிந்து செல்வதைக் காண்பீர்கள். ஒல்காரியா புவிவெப்ப மின்நிலையம் 1981இல் இயங்கத் தொடங்கியது. கென்யாவின் மின்சாரத்தில் ஏறத்தாழ நாற்பது விழுக்காடு இன்று பூமியின் வெப்பத்திலிருந்தே வருகிறது. அந்த நிலையத்தின் வெந்நீரை ஆறவிட்டு அமைத்த நீராடுமிடம் திறந்திருக்கிறதா என்று வாயிலிலேயே விசாரித்து, திறந்திருந்தால் நீச்சலுடையோடு போகலாம்.

ஏழாம் படி: படகும் தீவும்

இரண்டு இரவு தங்குகிறவர்கள் மறுநாள் காலையை ஏரிக்குத் தரலாம். ஓர் இரவே தங்குகிறவர்கள் சைக்கிள், படகு இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளவேண்டும். சிறு குழந்தைகளும் முதியவர்களும் இருந்தால் படகே மேல்.

பிற்பகலில் ஏரியின்மேல் காற்று வலுத்து அலை எழும் என்பதால் படகுக்குக் காலைநேரமே உரியது. படகுக்காரர் சுவாஹிலியில் "சா மோஜா" என்று சொன்னால் அது காலை ஏழு மணி. அவர்களுடைய நேரக் கணக்கு விடியலிலிருந்து தொடங்குவதால் நம் கடிகாரத்துக்கும் அதற்கும் ஆறு மணி நேர வேறுபாடு. கட்டணம் படகுக்கா ஆளுக்கா, ஒரு மணி நேரத்துக்கா முழுச்சுற்றுக்கா என்பதை ஏறுமுன் தெளிவாகப் பேசிவிடுங்கள். ஒவ்வொருவருக்கும், குறிப்பாகக் குழந்தைக்கு அதன் அளவில், உயிர்காப்புச் சட்டை இல்லையென்றால் ஏறவேண்டாம். பேசிய பணத்தை எண்ணித் தயங்கவும் வேண்டாம். கையைத் தண்ணீரில் அளைவதும் ஏரியில் குளிப்பதும் கூடாது. நீர்யானைக் கூட்டத்தை நெருங்கச் சொல்லிப் படகுக்காரரை வற்புறுத்துவது, அவர் வாடிக்கையாளருக்காக இணங்கிவிடக்கூடும் என்பதால், இரட்டிப்பு ஆபத்து. சில படகுக்காரர்கள் சீழ்க்கையடித்து மீனை எறிந்து மீன்கழுகைப் படத்துக்காக வரவழைப்பார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு எஞ்சினை அணைக்கச் சொல்லிக் காத்திருந்தால், கழுகு தன் பசிக்குத் தானாகவே இறங்குவதைப் பார்க்கலாம். எனக்கு அதுவே மேலானதாகப் படுகிறது.

கிரசென்ட் தீவு, நீரில் மூழ்கிய எரிமலை வாயின் விளிம்பு. தனியார் சரணாலயம் என்பதால் கட்டணம் தனி. பெரிய வேட்டை விலங்குகள் அங்கே இல்லை. ஒட்டகச்சிவிங்கி, வரிக்குதிரை, வில்டெபீஸ்ட் என்னும் பெரிய மான், நீர்மான் ஆகியவற்றுக்கு இடையே வழிகாட்டியோடு நடந்துபோகலாம். கத்தாமல், ஓடாமல், விலங்கைத் துரத்தாமல் இருக்கப் பிள்ளைகளுக்கு முதல்நாளே சொல்லிவைக்கவேண்டும். கரைப்பகுதியில் நீர்யானை இருக்கக்கூடும் என்பதால் வழிகாட்டி சொல்லும் பாதையை விட்டு விலகாதீர்கள். நடந்து முடிந்ததும் வழிகாட்டிக்குச் சிறு அன்பளிப்பு தருவது வழக்கம்.

2,776 மீட்டர் உயரமுள்ள லொங்கொனோட் மலையேற்றத்தை இந்தப் பயணத்தில் சேர்க்கவேண்டாம். பதின்வயதுப் பிள்ளைகள் உள்ள குடும்பம் தனியொரு நாளில் அதற்கென்றே வரலாம்.

எட்டாம் படி: திரும்புதல்

ஞாயிறு மாலை நைவாஷாவிலிருந்து நைரோபி வரை வண்டிகள் அணிவகுத்து நிற்கும். ஒன்றரை மணி நேரப் பயணம் நான்கு மணி நேரமாவது அரிதல்ல. காலை உணவுக்குப் பின் மூட்டை கட்டி, நண்பகலுக்குள் சாலையில் இருந்துவிடவேண்டும். புறப்படும்போது புளியோதரையோ தயிர்ச்சோறோ டப்பாவில் இருந்தால் வழியில் எங்கும் உணவுக்காக நிற்கவேண்டி வராது. மேல்சாலையில் கினுங்கி, லிமுரு பக்கங்களில் உழவர்கள் உருளைக்கிழங்கு, கேரட், முட்டைக்கோஸ் ஆகியவற்றைச் சாலையோரம் குவித்து விற்பார்கள். நைரோபிக் கடை விலையைவிடக் குறைவு, புதிதும்கூட. கார் சாலையை விட்டு முழுவதும் இறங்கி நின்ற பிறகே கதவைத் திறங்கள். விற்பவர்கள் ஓடிவருவார்கள், பின்னால் லாரியும் வரும்.

நைவாஷாவின் உயரத்தில் மலேரியா அரிது, இல்லாமலில்லை. தங்கிய இரவுகளில் கொசுவலைக்குள் தூங்கியிருந்தாலும், திரும்பி ஒரு வாரத்துக்குப் பின் வீட்டில் யாருக்கேனும் காய்ச்சல் கண்டால், சாதாரணச் சளிக்காய்ச்சல் என்று நாள் கடத்தாமல் மருத்துவரிடம் போய், பயணம் சென்றதைச் சொல்லி, இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.